தகரத்தில் வைத்த காது

காலையில் லெஸ்யா கொட்டகைக் கதவைத் திறந்தபோது கல் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. சிமெண்ட் தரையில் அது உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி நேற்று ஒரு கீறல்தான் இருந்தது. இன்றைக்கு அது தட்டு விளிம்பு மாதிரி வட்டமாக விண்டு, கல்லின் அடிப்பாகம் அதற்குள் புதைந்து கிடந்தது. அவள் குனிந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. காலை அகட்டி வைத்து, முதுகைக் கொடுத்து இழுத்தாள். கைப்பிடி தனியாகக் கையோடு வந்துவிடுமோ என்று தோன்றியதும் விட்டுவிட்டாள்.

கல்லுக்குக் காது உண்டா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வில்லோபேயில் யாரும் கேட்பதில்லை. ஏரி நடுவிலிருக்கும் தீவில் எடுத்த கல்லுக்குக் காது உண்டு, மற்றதுக்குக் கிடையாது, அவ்வளவுதான் விஷயம். பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் ஒரு தடவை வந்து ஒரு துண்டை உடைத்துக்கொண்டு போனார்கள். சாதாரணக் கருங்கல் என்று எழுதி அனுப்பினார்கள். அவர்கள் அதைக் கூப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மற்ற ஊர்களில் கர்லிங் என்றால் கூரைக்குக் கீழே, வழுவழுப்பான ஐஸில், கல்லைத் தள்ளிவிட்டு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். இங்கேயும் அதேதான், ஆனால் உறைந்த ஏரி மேலே, ஆளுக்கு ஒரு கல். பதினைந்து வயதில் கொடுப்பார்கள். தள்ளிவிட்டுக் குரல் கொடுத்தால் திரும்பும், நிற்கும், இன்னொரு கல்லைச் சுற்றிக்கொண்டு போகும். ஒரு கல் ஒரு குரலுக்குத்தான் மசியும். ஆள் செத்தால் கல்லையும் ஏரியில் இறக்கிவிடுவார்கள். கூப்பிடாமல் விட்ட கல் கனத்துக்கொண்டே போகும். ஸ்டைனர் குடும்பம் ஊமையாகிப்போன கல் ஒன்றை ஆசைக்காகச் சமையலறை மூலையில் வைத்திருந்தது. ஒரு ஈஸ்டர் அன்று தரையோடு அது நிலவறைக்குப் போய்ச் சேர்ந்தது. சாப்பாட்டு மேசை இந்தப் பக்கம் இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அதிலிருந்துதான் சட்டம் வந்தது. இரண்டு குளிர்காலம் பதில் சொல்லாத கல்லை, பிப்ரவரி ஆட்டம் முடிகிற அன்று, ஐஸில் துளை போட்டு ஏரிக்கே கொடுத்துவிட வேண்டும். சொந்தக்காரன்தான் தள்ள வேண்டும். தள்ளுவதற்கு முன்னால் துளை ஓரத்தில் நின்று கடைசியாக ஒரு தடவை கூப்பிடலாம். அது சும்மா ஒரு மரியாதை, வழியனுப்புகிற மாதிரி. அப்படிக் கூப்பிட்டு எந்தக் கல்லும் திரும்பியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. கல் போனவருக்கு மறு கல் கிடையாது. அவர் கரையில் நின்று மற்றவர்களுக்கு பீட்ரூட் சூப் ஊற்றிக் கொடுக்கலாம்.

லெஸ்யாவின் கல் வாய் மூடி இது இரண்டாவது குளிர்காலம். இன்றைக்குத்தான் அந்தப் பிப்ரவரி ஆட்டம்.

வெளியே பிக்அப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாரென்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். இரண்டு வருஷமாகப் பனி விழுந்த ஒவ்வொரு காலையும் அந்த வண்டி வந்து, அவள் வாசலை வழித்துவிட்டு, அவள் திரையை விலக்குவதற்குள் போய்விடும். இன்றைக்குப் போகவில்லை. ஆர்வித் ஹௌகன் கொட்டகை வாசலில் வந்து நின்றான். நெட்டை ஆள், நிலைப்படியில் இடிக்காத இடத்திலும் குனிந்தே நிற்பான். ஒரு கையில் கடப்பாரை, இன்னொரு கையில் சறுக்குவண்டியின் கயிறு.

"யாரு உன்னக் கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. கல்லு தானா நடந்து ஏரிக்குப் போகாதுல்ல."

"மெல்வின் வரேன்னான். அவனே தேய்க்கட்டும் இன்னிக்கு."

"மெல்வினா? ஊமைக் கல்லுக்கு முன்னாடி தொடப்பம் புடிச்சா தன் கல்லும் ஊமையாயிடும்னு அவன் பெட்ரோல் பங்க்ல நின்னு ஊருக்கே சொல்லிட்டிருக்கான். கேட்டுட்டுத்தான் வரேன்."

நெஞ்சு இறுக ஆரம்பித்துவிட்டது. அவனைப் பார்க்கும்போதெல்லாம் இப்படித்தான். அவன்மேல் கோபம் என்றால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். கோபம் இல்லை. விலா எலும்புகளைச் சுற்றி யாரோ பட்டை கட்டி முறுக்குகிற மாதிரி ஒன்று. அதோடு எப்படிச் சண்டை போடுவது?

அவன் கடப்பாரையை விளிம்பில் கொடுத்து நெம்பினான். கல் முனகிக்கொண்டு மேலே வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து சறுக்குவண்டியில் உருட்டினார்கள். கைகள் ஒரு நொடி ஒன்றன்மேல் ஒன்று பட்டன. இரண்டு பேரும் கையுறை போட்டிருந்தார்கள். இருந்தும் இரண்டு பேரும் கையை இழுத்துக்கொண்டார்கள்.

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆர்வித்தின் வண்டி அவள் முற்றத்தில்தான் நிற்கும். இரண்டு பேருமே தனி ஆட்கள். அவன் மனைவி போய் வருஷங்கள் ஆகியிருந்தன, இவள் புருஷன் போனதே நல்லது என்று ஊர் சொல்லும். சீட்டு ஆடுவார்கள், முட்டைக்கோஸ் வறுத்துச் சாப்பிடுவார்கள், அவன் எதையாவது ரிப்பேர் செய்துகொண்டு சீட்டியடிப்பான். கல்யாணம் என்ற வார்த்தையை இரண்டு பேரும் சொன்னதில்லை, வசந்தத்தில் வேலி எடுத்துவிட்டு இரண்டு வயலையும் ஒன்றாக உழுதால் டீசல் மிச்சம் என்று பேசிக்கொள்வார்கள். அந்த ஊரில் அதற்கு மேல் காதலைச் சொல்ல முடியாது.

அப்போது லெஸ்யாவின் குரல் ஊருக்கே பெருமை. அவள் "வாடீ!" என்று ஒரு அதட்டல் போட்டால் எதிர்க்கரையில் நாய்கள் எழுந்து நிற்கும். கல் பாதி வழியில் வெட்டித் திரும்பும். அவளுடைய மேற்குக் கரை அணி கிழக்குக் கரையை வருஷா வருஷம் ஜெயித்தது அந்தத் தொண்டையால்தான். கூட்டம் அவளை 'எருது' என்று கூப்பிட்டது. அவளுக்கு அது பிடித்திருந்தது. கயிறு, ஏணி, கைத்துணை இதெல்லாம் பலமில்லாதவர்களுக்கு என்று நினைத்திருந்தாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபரில், அவளுடைய தகரக் குதிரில் கோதுமை மேலே பாளமாக இறுகி நின்றது. ஆர்வித் வெளியே திருகுக்குழாயை டிராக்டரில் மாட்டி, கோதுமையை அடியிலிருந்து இழுத்து லாரியில் கொட்டிக்கொண்டிருந்தான். தானியம் சரியாக வரவில்லை. பாளத்தை உடைத்துவிடலாம் என்று அவள் கம்பியோடு மேல் வழியாக உள்ளே இறங்கினாள். அவனிடம் சொல்லவில்லை. கயிறும் கட்டவில்லை. பாளம் உடைந்தது, அவளும் அதோடு போனாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு, கழுத்து. கத்தினாள். அந்தக் குரலில், எதிர்க்கரை நாயை எழுப்பிய அதே குரலில் கத்தினாள். டிராக்டர் சத்தத்தில் அது வெளியே போகவில்லை. அது மட்டுமில்லை. ஒவ்வொரு தடவை கத்தும்போதும் நெஞ்சு சுருங்கும், சுருங்கிய இடத்துக்குள் கோதுமை வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த மூச்சுக்கு இடம் குறையும். தன் குரலே தன்னை மென்று தின்கிறது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கத்துவதை நிறுத்தினாள். மூக்கு நுனியில் சின்னச் சின்னதாக மூச்சு விட்டுக்கொண்டு, மாவைச் சலிக்கிற மாதிரி, அப்படியே நின்றாள்.

லாரியில் கொட்டிய கோதுமையோடு அவளுடைய சிவப்புக் கம்பளித் தொப்பி வந்து விழுந்தது. அதைப் பார்த்துத்தான் அவன் இயந்திரத்தை அணைத்தான். பிறகு ஆட்கள் வந்தார்கள், தகரத்தை அறுத்தார்கள், கோதுமை வெளியே சரிந்தது, அவள் வெளியே வந்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை. நகரத்து டாக்டர் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றார். இன்னொரு பெண், மனசு உடைந்தவர்களை நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுகிறவள், நீங்கள் மிகவும் பலசாலி என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பலசாலிக்குக் குரல் ஏன் வரவில்லை என்று அவளும் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. பேசினால் பேச்சு வரும். குரலை உயர்த்தப் போனால் மார்பு கோதுமையால் நிறைந்துவிடும். ஊர் அதைப் பயம் என்றது. லெஸ்யாவும் அப்படித்தான் நம்பினாள். நான் உள்ளே தோற்றுப்போய்விட்டேன், கத்துவதை விட்டுவிட்டேன், என் கல் அதைத் தெரிந்துகொண்டுவிட்டது என்று.

ஆர்வித் அன்றிலிருந்து சீட்டியடித்து யாரும் கேட்டதில்லை.

ஏரியில் வண்டிகள் வரிசையாக மூக்கை ஆட்டத்தின் பக்கம் வைத்து நின்றன. ஆட்டம் பாதிக்கு மேல் ஆகியிருந்தது. கிழக்குக் கரைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள், கற்கள் அங்கும் இங்கும் வெட்டித் திரும்பின. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காதை மூடுகிற மடல் வைத்த தொப்பியைத் தாடைக்குக் கீழே இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் குளிரில் காதைத் திறந்துவைத்தால் உதிர்ந்துவிடும். திறந்துவைக்கத் தேவையும் இல்லை. அந்த ஆட்டத்தில் காது கேட்காதவனுக்கும் கேட்கும்.

கற்கள் போய் நிற்க வேண்டிய வட்டத்துக்குச் சற்றுத் தள்ளி துளை தயாராக இருந்தது. அறுத்தெடுத்த ஐஸ் பாளம் பக்கத்தில் கிடந்தது. துளையில் தண்ணீர் கறுப்பாக அசைந்தது. அறுத்தது குட்ரன். கிழக்குக் கரையின் கேப்டன், பெட்ரோல் பங்க் அவளுடையது, அறுபது தாண்டியும் பீப்பாய் மாதிரி மார்பு. அவள் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னடி, சாப்பிட்டியா?"

"ஆச்சுங்க."

"தொளையப் பாத்து மொறைக்காத. யாராவது ஒருத்தர் போடணும், நான் போட்டேன். உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. கல்லு தப்பிக்கணும்னா வட்டத்துக்கு முன்னாடி இருக்கிற தூரத்துக் கோட்டைத் தாண்டணும், உன் சொல்லுக்கு ஒரு தடவையாச்சும் திரும்பணும். ரெண்டு வாட்டி தள்ளலாம். ஓரஞ்சாரமா வந்துச்சு, பாதி வந்துச்சுன்னு எங்கிட்ட வராத."

பின்னாலிருந்து மெல்வின் சூப் கிண்ணத்தோடு சொன்னான்: "எருதுக்குக் கொம்பு போயிடுச்சு குட்ரன், சும்மா முட்டச் சொல்லாதீங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஆர்வித் அவன் பக்கம் திரும்பினான். "மெல்வின், உங்கப்பா தொடப்பம் பட்டத மறைச்சாரே, அந்தக் கதையச் சொல்லட்டுமா? இல்ல வாயில சூப்ப ஊத்திக்கிறியா?"

மெல்வின் சூப்பை ஊற்றிக்கொண்டான். அந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. ஓடுகிற கல்லில் துடைப்பமோ காலோ பட்டால், பட்டவன் தானே கையைத் தூக்க வேண்டும். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். பட்ட கல் கணக்கில் சேராது. மெல்வினின் அப்பா ஒரு தடவை கையைத் தூக்காமல் இருந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சாகிறவரை எந்த மேசையிலும் அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது.

லெஸ்யாவின் பெயரைச் சொன்னார்கள். சறுக்குவண்டியிலிருந்து கல்லை இறக்கியபோது ஐஸ் ஒரு தடவை உறுமியது. கூட்டம் அரை அடி பின்வாங்கியது.

அவள் ஐஸில் உதைப்புக்காகப் பதித்திருந்த கால்கட்டையில் மிதித்துக் குனிந்தாள். தோள் முழுவதையும் கொடுத்தாள். இரண்டு வருஷம் மண்வெட்டியும் கோடரியும் பிடித்துத் தேற்றிய தோள் அது, இதற்காகவே தேற்றியது. கல் நகர்ந்தது. நெளிந்து, கிறீச்சிட்டு, போனது. ஆர்வித் முன்னால் தேய்த்துக்கொண்டு பின்னோக்கி ஓடினான். இப்போது கூப்பிட வேண்டும். அவள் வாயைத் திறந்து, பழைய இடத்திலிருந்து, அடிவயிற்றிலிருந்து இழுத்தாள்.

"வா…"

மார்பு மூடிக்கொண்டது. வாய்க்குள் தவிட்டு வாசனை. கண்ணுக்கு முன்னால் தகரச் சுவரின் வரிகள். கூட்டம் "கத்து! கத்து லெஸ்யா!" என்று அலறியது, மேற்குக் கரை மொத்தமும், நல்ல மனசோடுதான். அந்த அலறல் ஒவ்வொன்றும் அவள் நெஞ்சுமேல் இன்னொரு மூட்டையாக வந்து விழுந்தது. கல் முதல் கோட்டைக்கூடத் தொடாமல் நின்றது. நின்ற இடத்தில் ஐஸ் நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அவள் மண்டியிட்டபடி இருந்தாள். இமை மயிரில் ஈரம் உறைந்து ஒட்டிக்கொண்டது. ஆர்வித் கல்லை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தான். மூச்சு வாங்கியது அவனுக்கு. கல்லைக் கால்கட்டைக்கு முன்னால் வைத்துவிட்டு, துடைப்பத்தைச் சரிபார்க்கிற சாக்கில் அவள் பக்கம் குனிந்தான்.

"கத்தாத."

"கத்தாம எப்படி வரும்? கல்லுக்குக் காது கேக்க வேணாமா?"

"அன்னிக்கு நீ கத்தலயே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கத்துனேன். அப்புறம் விட்டுட்டேன். அது உனக்கு எப்படித் தெரியும்? நீ வெளிய இருந்த."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். குட்ரன் அந்தப் பக்கத்திலிருந்து "ஆகட்டும்!" என்றாள். அவன் மூடிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டான். அவள் அவன் முதுகையே பார்த்தாள். இந்த ஆளுக்கு அது எப்படித் தெரியும்? மூச்சை எப்படி விட்டேன் என்று டாக்டரிடம்கூட அவள் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. அங்கே ஒரு பொந்தில் எலி மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தேன் என்று யாரிடம் சொல்வது?

அவள் கைப்பிடியில் கை வைத்தாள். இந்தத் தடவை தோளைக் கொடுக்கவில்லை. கொடுக்கத் தெம்பும் இல்லை. கண்ணை மூடி மூக்கு நுனியில் சின்னதாக ஒன்று விட்டாள். இன்னொன்று. மாவு சலிக்கிற மாதிரி. மார்பு இறுகத்தான் இறுகியது, ஆனால் அந்தச் சின்ன மூச்சுக்கு அது இடம் விட்டது. அன்றைக்கும் விட்டிருந்தது. முழு ஆளையும் விழுங்கிய கோதுமை அதை மட்டும் விழுங்க முடியாமல் விட்டுவைத்தது. இப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. அந்த மூச்சு தோற்றுப்போனவளின் மூச்சு இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்தாள்.

கையின் கீழ் ஏதோ மாறியது. சறுக்கிக்கொண்டு போய்க் கையை எடுத்தபோது கல் சத்தமில்லாமல் போனது. கிறீச்சிடவில்லை. அவள் ஐஸ்மேல் வயிறு படக் கிடந்து, உதட்டுக்குள்ளேயே சொன்னாள்: "வாடீ." பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டிருக்காது. கூட்டம் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது.

கல் முதல் கோட்டைத் தாண்டியது. ஆர்வித் தேய்த்தான், குனிந்து, முகம் கிட்டத்தட்ட கல்லுக்கு நேராக. தூரத்துக் கோட்டையும் தாண்டியது. நேராக வட்டத்துக்கு வெளியே போகிற கோட்டில்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் மறுபடி ஒரு மூச்சு விட்டாள். கல், யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்புகிற ஆள் மாதிரி, மெதுவாக உள்பக்கம் வளைந்தது.

மேற்குக் கரை வெடித்தது. தொப்பிகள் பறந்தன. யாரோ லாரி ஹாரனை அமுக்கிப் பிடித்தார்கள். கல் வட்டத்துக்குள் போய், நடுப்புள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. லெஸ்யா எழுந்து உட்கார்ந்தாள்.

ஆர்வித் கையைத் தூக்கியிருந்தான்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. அவனும் ஜெயித்ததற்குத்தான் கை தூக்குகிறான் என்று நினைத்தார்கள். அவன் இறக்கவில்லை. துடைப்பம் ஒரு கையில் தொங்க, இன்னொரு கை ஆகாயத்துக்கு, முகம் சுண்ணாம்பு மாதிரி. ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். ஹாரன் நின்றது.

"பட்டுச்சு," என்றான்.

குட்ரன் நடந்து வந்தாள். "எங்க?"

"கோட்டுக்கு உள்ள. அது திரும்புனதப் பாத்ததும் கால் வழுக்கிடுச்சு. தொடப்பத்து ஓரம் பட்டுச்சு."

"யாராச்சும் பாத்தீங்களா?" யாரும் பார்த்திருக்கவில்லை. பனித்தூளில் என்ன தெரியும். மெல்வின் முனகினான்: "மடையன்யா இவன். சும்மா இருந்திருக்கலாம்ல, அவ கல்லு தப்பிச்சிருக்கும்ல."

லெஸ்யாவும் ஒரு நொடி அதைத்தான் நினைத்தாள். இதே ஆள்தான். ஒரு தடவை பார்க்காமல் இயந்திரத்தை ஓட்டி என்னைப் புதைத்தான், இப்போது பார்த்ததைச் சொல்லிப் புதைக்கிறான். பிறகு அவன் கையைப் பார்த்தாள். அது இன்னும் இறங்கவில்லை. அவன் மறைத்திருந்தால் இன்றைக்கு ராத்திரி அவள் கொட்டகையில் கல் இருக்கும். மேசையில் அவனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். அவளே அதைக் காலியாக வைத்திருப்பாள்.

"திரும்புனது படுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று குட்ரன் கேட்டாள்.

"முன்னாடி. அவ கூப்பிட்டா, அது திரும்புச்சு. அப்புறந்தான் பட்டுச்சு."

"கூப்பிட்டாளா? எனக்கு ஒண்ணும் கேக்கலயே. உங்களுக்குக் கேட்டுச்சா?" கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். தொப்பி கட்டிய தலைகள் இல்லை என்று ஆடின. "உனக்கு மட்டும் எப்படிப்பா கேட்டுச்சு? உனக்கு அவமேல ஆசை. ஊருக்கே தெரியும். ஆசை உள்ளவன் சாட்சிய நான் எப்படி எடுத்துக்கிறது?"

ஆர்வித் கையை இறக்கினான். அவன் குட்ரனைப் பார்க்கவில்லை. லெஸ்யாவையும் பார்க்கவில்லை. ஐஸைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அன்னிக்குத் தொப்பி வந்து விழுந்ததும் மிஷின அணைச்சிட்டேன். உள்ள சத்தமே இல்ல. இவ செத்துட்டான்னுதான் நெனச்சேன். எங்க அறுக்கிறது? தலைக்கு நேரா அறுத்தா ரம்பம் அவமேலயே படும். தகரத்துல காத வச்சேன். சுத்திச் சுத்தி வந்து ஒவ்வொரு எடமா வச்சேன். ஒரு எடத்துல கேட்டுச்சு. சின்ன மூச்சு. இவ்ளோ கோதுமைக்கு அந்தப்பக்கம். ஆளுங்க வர்ற வரைக்கும் காத எடுக்கல நான். இந்தக் காது மடல்ல தோலு போயிடுச்சு, குளிர்ல தகரத்தோட ஒட்டி." அவன் தொப்பியைத் தூக்கிக் காட்டவில்லை. "அதான் கேட்டுச்சு. எனக்குப் பழக்கம்."

லெஸ்யாவுக்கு நெஞ்சு இறுகியது, ஆனால் இது வேறு இறுக்கம். அந்த இருட்டில், யாருமே கேட்காத இடத்தில் கிடந்ததாக இரண்டு வருஷம் நினைத்திருந்தாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காது இருந்திருக்கிறது.

குட்ரன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தானே கை தூக்குனவன் பொய் சொல்ல மாட்டான். அது சரி. ஆனா பட்ட கல்லு பட்ட கல்லுதான். அத நான் மாத்த முடியாது, மாத்துனா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "தொளைக்குக் கொண்டு போடி. கடைசியா ஒரு வாட்டி கூப்பிடுற உரிமை உனக்கு இருக்கு. அது எல்லாருக்கும் உண்டு."

கல்லைத் துளை ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஐஸ் அங்கே மெலிசு, மேலே தண்ணீர் ஏறி வழுக்கியது. கல்லுக்குக் கீழே ஏரி முனகியது. சொந்தக்காரர் மட்டும்தான் அதுக்குமேல் கிட்டப் போகலாம். லெஸ்யா அடி எடுத்து வைக்கப் போனாள்.

"கயிறு," என்றான் ஆர்வித் பின்னாலிருந்து. சறுக்குவண்டியின் கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தான். சொல்லிவிட்டு அவனே பயந்த மாதிரி நின்றான். அவளிடம் கயிறு என்று சொல்லி யாரும் நல்ல பதில் வாங்கியதில்லை.

லெஸ்யா நின்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெல்வினும்தான். அவள் திரும்பி, இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி உயர்த்தினாள், தையல்காரனுக்கு அளவு கொடுக்க நிற்கிற மாதிரி.

அவன் கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறும் விரலால் அவள் இடுப்பில் முடிச்சுப் போட்டான். விரல் விறைத்து முதல் முடிச்சு நழுவியது. அவள் அசையாமல் நின்றாள். மறு முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, குதிகாலை ஐஸில் ஊன்றினான்.

"இறுக்கமா இருக்கா?"

"இருக்கு. இருக்கட்டும்."

அவள் போய்த் துளை ஓரத்தில் கல்லுக்குப் பக்கத்தில் குந்தினாள். தண்ணீரின் குளிர் முகத்தில் அடித்தது. கைப்பிடி தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் மேற்குக் கரையில் ஒருவன் "கத்து லெ…" என்று ஆரம்பித்தான். குட்ரன் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி அவனை நிறுத்தினாள். பிறகு தாடைக்குக் கீழே இருந்த முடிச்சை அவிழ்த்து, தொப்பியின் ஒரு பக்க மடலை மேலே தூக்கினாள். அவளுடைய காது கிழவிக் காது, உடனே சிவந்தது.

லெஸ்யா குனிந்து, வாயைக் கல்லுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய், மூக்கு நுனியில் ஒரு மூச்சு விட்டாள். இடுப்பில் கயிறு மெதுவாக விறைத்தது. பின்னால் அவளுக்குத் தெரியாமல், ஒருவர், அப்புறம் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், அப்புறம் வண்டிகளின் வரிசை நெடுக, மெல்வின் வரைக்கும், அந்தக் குளிரில் ஒவ்வொருவராகக் காதை மூடிய தொப்பி மடலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னொரு மூச்சு விட்டாள். கைப்பிடியில் படிந்திருந்த பனித்தூள் ஒரு ஓரமாகச் சரிய, அது தண்ணீரை விட்டு மெதுவாக அவள் பக்கம் திரும்ப ஆரம்பித்தது.